பி பக்கம், கடைசிப் பாட்டு

பசார் மாலாமில் மூன்று வெள்ளி.
ஆளுக்கு ஒரு வெள்ளி போட்டு வாங்கினோம்.
அட்டையை நகலெடுத்தவனுக்கு அவசரம் போல,
குழுவின் பெயர் பாதியில் வெட்டுப்பட்டு
மிஞ்சியது
தண்ணீரில்லாத ஒரு நீச்சல் குளம்,
அதன் அடியில் ஒற்றைச் செருப்பு.

அதனால் அந்த ஆல்பத்துக்குக் 'குளம்' என்று பெயர்.
"குளத்தப் போடு" என்பாள் பிலோமினா.
நாகேந்திரன்
வெயிலில் காயவைத்து உயிரேற்றிய பேட்டரிகளைச்
சட்டைப்பையிலிருந்து சூடாக எடுப்பான்.

சிலிம் ரிவருக்கு வெளியே, ஏழாவது கட்டையில்,
துரை பங்களாவின் பின்னால்
எங்களுக்கும் ஒரு குளம் இருந்தது.
தோட்டம் கம்பெனிக்குக் கைமாறிய வருடம்
தண்ணீரை இறைத்துவிட்டார்கள்.
ஆழமான முனையில் செம்பனை ஓலை, தவளை,
கால் உடைந்த நாற்காலி.
அங்கே பொருளியல் புத்தகத்தின் மேல் ரேடியோவை வைத்தால்
நான்கு சுவரும் சேர்ந்து பாடும்.

ஜாகா வருவார், டார்ச் அடிப்பார்.
"என்னா பாட்டு லா இது,
பல்லுவலிக்காரன் மாதிரி?"
ஆனாலும் விளிம்பில் உட்கார்ந்து
ஒரு சுருட்டு முடியும்வரை கேட்பார்.

பல்லுவலி உண்மைதான்.
பாடகன் சொற்களை மென்று விழுங்குகிறவன்.
இரண்டாம் பாட்டில் அவன்
"வாடா வெங்காயம்" என்று கத்துவதாக
நாகேந்திரன் சத்தியம் செய்தான்.
ஒருமுறை அப்படிக் கேட்டுவிட்டால்
பிறகு வேறெப்படியும் கேட்காது.

கேசட்டின் பஞ்சு கழன்றபோது
அம்மாவின் வாளியிலிருந்து
ஒரு சொட்டுக் கித்தாப்பால் தொட்டு ஒட்டினேன்.
அதற்குப்பின் எல்லாப் பாட்டும்
கொஞ்சம் ஸ்டோர் நெடி அடித்தது.

நாடா போதவில்லை.
பி பக்கத்தின் கடைசிப் பாட்டில்
மேளம் நின்று, கிட்டார் நின்று,
அவன் தனியாக
"ஹோ" என்று ஒரு சொல்லைத் தொடங்குவான்.
டக்.
அதன்பின் செம்பனையில் காற்று.

ஹோம், என்றேன் நான்.
ஹோப், என்றான் நாகேந்திரன்,
பல்கலைக்கழகத்துக்கு மனுப்போட்டிருந்தவன்.
ஹோல், என்றாள் பிலோமினா
குளத்தின் அடியில் மல்லாந்து கிடந்தபடி.

பிறகொரு நாள் தேவாலயத்துக் கிட்டாரைத் தூக்கிவந்து
அவளே பாட்டை முடித்துவைத்தாள்.
சொல் இல்லை.
மூன்றே சுரம், ஒரு நீண்ட சும்மா,
உள்ளங்கையால் குளத்துச் சுவரில் இரண்டு தட்டு.
நாங்கள் மூச்சுவிடவில்லை.
ஜாகா மட்டும் "அவ்ளோதானா?" என்றார்.

நாகேந்திரனுக்கு இடம் கிடைக்கவில்லை.
அவன் பூர்த்தி செய்துகொடுத்த பாரத்தில்
எனக்குக் கிடைத்தது.
சிந்தோக் போகும் பஸ்ஸில் கேசட் என் பையில் இருந்தது.
யாரும் தரச் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

போன வாரம், தாப்பா ஓய்விடத்தில்,
போனில் என்னவோ தேடப்போய்
அந்த ஒற்றைச் செருப்பு கண்ணில் பட்டது.
காரை அணைக்காமல்
கடைசிப் பாட்டைப் போட்டேன்.
மேளம் நின்றது. கிட்டார் நின்றது. "ஹோ..."
என் கை தானாக ஸ்டியரிங்கில் இரண்டு தட்டியது.

பாட்டு நிற்கவில்லை.
நாகரிகமே இல்லாமல்
இன்னும் ஒன்றரை நிமிடம் போனது.
அந்தச் சொல், ஹோட்டல்.

பிலோமினாவை அழைத்தேன்.
ஜோகூர் பாலத்து வரிசையில் இருந்தாள்,
சுற்றிலும் மோட்டார்கள்.
"குளம் முழுசா கிடைச்சிருச்சு" என்றேன்.
"சொல்லாத" என்றாள்.
"சொல்லவே சொல்லாத. வைக்கிறேன்."

நாகேந்திரன்
எண்ணெய் லாரியோடு லுமுட் போய்க்கொண்டிருந்தான்.
அவனிடம் சொல்லிவிட்டேன்.
ஒரு மேட்டை ஏறி முடிக்கும்வரை
என்ஜின் சத்தம் மட்டும் கேட்டது.
பிறகு கேட்டான்,
"எத்தன ஸ்டார்?"